முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் முதல் ஆறு வாரங்கள்

நீங்கள் கேட்டது இது: அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீடு கும்பகோணம் பக்கம், பழைய ஓட்டு வீடு. கழிவறை கொல்லையில், குத்துக்கால் வைத்து உட்காரும் மாதிரி. அப்பாவுக்கு 72. எண்ணெய் போட்டு நீவ ஒருவரைப் பெரியம்மா ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். நீங்கள் சென்னையில் வேலை பார்க்கிறீர்கள். வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும், எத்தனை நாள் லீவு போட வேண்டும்?

நான் பிசியோதெரபிஸ்ட். இந்த அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலையில் பெரும்பகுதி. அதனால் ஆஸ்பத்திரியில் தரும் தாளில் இருப்பதைத் திருப்பிச் சொல்லாமல், வீட்டுக்குள் எங்கே சறுக்குகிறது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் தலையணை. அம்மா வந்து படுத்ததும் யாராவது ஒருவர், மிகுந்த பாசத்தோடு, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையைச் செருகுவார். அம்மாவும் "அப்பாடா, இப்பதான் கொஞ்சம் இதமா இருக்கு" என்பார். அந்தத் தலையணையை அன்றே எடுத்துவிடுங்கள். அறுவை சிகிச்சை ஆன மூட்டுக்குள் ரத்தமும் நீரும் தேங்கி வீங்கியிருக்கும். லேசாக மடக்கி வைத்தால் மூட்டுக்குள் இடம் கூடும், அழுத்தம் குறையும், வலியும் குறையும். அதனால்தான் அது இதமாக இருக்கிறது. ஆனால் முதல் சில வாரங்களில் மூட்டைச் சுற்றி வடுத்திசு உருவாகிக்கொண்டிருக்கும். கால் எந்த நிலையில் அதிக நேரம் இருக்கிறதோ அந்த நிலையிலேயே அது இறுகும். தலையணை வைத்தே மூன்று வாரம் படுத்தவருக்கு முழங்கால் பிறகு நேராகாது. நேராகாத காலோடு நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் தொடைத் தசை ஓய்வில்லாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். சீக்கிரம் களைப்பு வரும், நடை சாயும், இடுப்பும் மறு முழங்காலும் வலிக்கத் தொடங்கும். மடங்குவதில் பத்து டிகிரி குறைந்தால் சமாளித்துவிடலாம். நீட்டுவதில் பத்து டிகிரி குறைந்தால் வாழ்நாள் முழுக்க நொண்ட வேண்டியிருக்கும். எல்லாரும் "எவ்வளவு மடங்குது?" என்றுதான் கேட்கிறார்கள். நீங்கள் "முழுசா நேராகுதா?" என்று கேளுங்கள்.

தலையணையை குதிகாலுக்குக் கீழே, கணுக்காலை ஒட்டி வையுங்கள். ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாலும் போதும். முழங்காலுக்கு அடியில் எதுவும் இல்லாமல், தன் எடையிலேயே அது கீழே இறங்கட்டும். பத்து நிமிடம் தாங்கினால் போதும். ஒரு நாளில் நாலைந்து தடவை செய்யலாம். இழுப்பு வலி இருக்கும், அது வேண்டிய வலிதான். வீக்கம் குறைய காலை உயர்த்தி வைக்கும்போதும் இதே முறைதான்: கால் முழுவதும் நேராக, கணுக்கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே. இரவில் ஒருக்களித்துப் படுக்க விரும்பினால் இரண்டு கால்களுக்கும் நடுவில் தலையணை வைத்துப் படுக்கலாம். அதில் தவறில்லை.

தொடைத் தசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் சில நாட்களில் "காலைத் தூக்குங்கம்மா" என்றால் கால் அசையவே அசையாது. "முயற்சியே பண்ண மாட்டேங்குறா" என்று அப்பா கோபப்படுவார். முயற்சி குறைவல்ல அது. மூட்டுக்குள் வீக்கம் இருக்கும்போது தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளையை உடம்பே மட்டுப்படுத்திவிடும். அதை மீண்டும் எழுப்ப எளிய வழி, கால் நீட்டிப் படுத்தபடி முழங்காலின் பின்பக்கத்தை மெத்தையில் அழுத்தி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுவது. பத்துப் பத்தாக, விழித்திருக்கும் நேரமெல்லாம். கூடவே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது. பார்க்கச் சின்ன அசைவுதான், ஆனால் கெண்டைக்கால் தசையை இயக்கி ரத்தம் தேங்காமல் காப்பது இதுதான். தொடை இறுகத் தொடங்கியபின் காலை நேராக வைத்துக்கொண்டே ஒரு சாண் உயரம் தூக்கலாம்.

மடக்குவதற்கு, கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கவரையோ துணியையோ போட்டு, தரையில் மெதுவாகப் பின்னோக்கி இழுக்கச் சொல்லுங்கள். முடிந்த இடத்தில் நிறுத்தி, இடது காலைக் குறுக்கே வைத்து இன்னும் கொஞ்சம் தள்ளி, சில விநாடி பிடித்து விட வேண்டும். சமதரையில் நடக்க முழங்கால் ஏறக்குறைய 65 டிகிரி மடங்கினால் போதும். படியேற 80-க்கு மேல் வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ 90-க்கும் கொஞ்சம் மேலே. அதனால்தான் இரண்டு வாரத்தில் 90 என்று டாக்டர்கள் குறி வைக்கிறார்கள். ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் 110, 120 வரை வருபவர்கள் நிறைய. அறுவை சிகிச்சைக்கு முன்பே அம்மாவுக்கு எவ்வளவு மடங்கியது என்பதையும் வைத்துத்தான் இது அமையும். எதிர்வீட்டம்மாவோடு ஒப்பிட வேண்டாம். ஆனால் ஆறு வாரம் ஆகியும் 90-ஐத் தொடவில்லை என்றால் காத்திருக்காமல் அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் காட்டுங்கள். மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிடும் வழி இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் அதில் நல்ல பலன். வடு முற்றியபின் கடினம்.

காலைத் தானாக மடக்கி நீட்டும் மெஷினை நாள் வாடகைக்கு எடுக்கச் சொல்லி யாராவது வந்து கேட்பார்கள். ஆய்வுகளில் அதனால் சொல்லும்படியான கூடுதல் பயன் தெரியவில்லை. மெஷின் மடக்கும்போது தசை வேலை செய்வதே இல்லை. அந்தக் காசை பிசியோதெரபிஸ்ட் இன்னும் சில தடவை வருவதற்குச் செலவிடுங்கள். இன்னொரு வழியும் உண்டு. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் சேவையும் சேர்ந்தது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள். தனியாரை அமர்த்தினாலும் இதையும் கேட்டு வைப்பது நல்லது.

இனி பெரியம்மாவின் எண்ணெய். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: காலை நீவவே கூடாது. தையல் பக்கம் மட்டுமல்ல, கெண்டைக்காலையும் நீவக் கூடாது. இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு கால் நரம்புகளில், அதாவது ரத்தக் குழாய்களில், ரத்தம் கட்டும் வாய்ப்பு சில வாரங்களுக்கு அதிகம். அதைத் தடுக்கத்தான் மாத்திரையோ வயிற்றில் போடும் ஊசியோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். அங்கே ஒரு கட்டி இருந்து, அதை அழுத்தி நீவினால் அது நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம். உயிருக்கே ஆபத்து. எண்ணெய், மஞ்சள், பச்சிலை எதுவும் ஆறாத காயத்தில் பட்டால் கிருமி உள்ளே போகும். உள்ளே இருப்பது உலோகமும் பிளாஸ்டிக்கும். அதன்மேல் கிருமி படிந்துவிட்டால் மருந்தால் மட்டும் துடைத்தெடுக்க முடியாது, திரும்பவும் திறக்க வேண்டி வரும். சர்க்கரை உள்ளவருக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். சூடான ஒத்தடமும் இப்போது வேண்டாம். ஐஸ் மட்டும், துணியில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம். கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவை மனம் நோக விலக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சியை எண்ணும் வேலையை அவரிடம் கொடுங்கள். அக்கா எண்ணும்போது தங்கை ஏய்க்க மாட்டார், நான் பல வீடுகளில் பார்த்தது.

எப்போது உடனே ஓட வேண்டும் என்பதை அப்பாவுக்குப் புரியும்படி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், இருமலில் ரத்தம்: யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108. கெண்டைக்கால் கல்லுப்போல் வீங்கி, தொட்டால் வலித்து, காலை உயர்த்தி வைத்தும் வீக்கம் வடியவில்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரி. காயத்திலிருந்து நீரோ சீழோ கசிவது, சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, குளிர் காய்ச்சல், குறைந்துவந்த வலி திடீரென்று ஏறுவது: இவற்றுக்கும் அன்றே. பக்கத்துக் கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுப் பார்ப்போம் என்று மட்டும் இருக்காதீர்கள். அது கிருமியை மறைத்துவிடும், எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பதும் கடினமாகிவிடும். அறுவை சிகிச்சை செய்தவர்தான் முதலில் பார்க்க வேண்டும். கீழே விழுந்தாலும் அப்படியே, வலி இல்லையென்றாலும்.

பயப்பட வேண்டாதவையும் நிறைய இருக்கின்றன. தொடையிலிருந்து கணுக்கால் வரை ஊதா, பச்சை, மஞ்சள் என்று கன்றிப்போன நிறம் இறங்கி வரும். உள்ளே கசிந்த ரத்தம்தான் அது, தானே மறையும். தழும்பின் வெளிப்பக்கம் ஒரு கையகலம் மரத்திருக்கும். கீறும்போது அறுபடும் சிறு தோல் நரம்பால் வருவது அது. காலப்போக்கில் சுருங்கும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். நடக்கும்போது "டக் டக்" என்று சத்தம் கேட்கலாம். மறு முழங்காலைவிட இது சூடாகவே இருக்கும், சில மாதங்கள் வரைகூட. காய்ச்சலும் பரவும் சிவப்பும் இல்லாதவரை இந்தச் சூட்டுக்கு அஞ்ச வேண்டாம். இரவுத் தூக்கம் ஒரு மாதத்துக்கு மேல் கெடும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் அம்மா காரணமில்லாமல் அழலாம், "ஏன்தான் செஞ்சேனோ" என்று சொல்லலாம். அந்த வாரத்தில் வலி இருக்கும், ஆஸ்பத்திரிப் பரபரப்பு ஓய்ந்திருக்கும், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது. அப்போது அறிவுரை தேவையில்லை. முதல் நாள் நடந்ததை போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தால் அதைக் காட்டுங்கள்.

வலி மாத்திரையை வீரமாகத் தவிர்க்க விடாதீர்கள். வலியோடு இருப்பவர் பயிற்சி செய்ய மாட்டார், பயிற்சி இல்லாத மூட்டு இறுகும். பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் மாத்திரை, பயிற்சி முடிந்ததும் ஐஸ். இந்த வரிசை நன்றாக வேலை செய்யும். இரண்டு எச்சரிக்கை. எழுதிக் கொடுக்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் ஏற்கனவே பாராசிட்டமால் இருக்கிறது. உடம்பு கதகதவென்று இருக்கிறதே என்று இன்னொரு காய்ச்சல் மாத்திரை போட்டால் அளவு இரட்டிப்பாகும். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்தம் உறையாமைக்கான மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம், சிறுநீரகத்தையும் கெடுக்கும். சீட்டில் இல்லாத எந்த மாத்திரையும் வேண்டாம். சீட்டில் டிரமடால் என்ற வலி மாத்திரை இருந்தால் மலச்சிக்கல் வரும், குமட்டலும் வரலாம். அதற்கு முன்கூட்டியே மருந்து கேட்டு வாங்குங்கள்.

அம்மா வருவதற்குள் வீட்டில் செய்ய வேண்டியவற்றில் கழிவறைதான் முதல். குத்துக்கால் வைத்து உட்காரும் கழிவறைக்கு இப்போது வழியே இல்லை. கொல்லைவரை இருட்டில் நடப்பதும் ஆகாது. நடுவில் துளையும் அடியில் வாளியும் உள்ள கமோடு நாற்காலி வாடகைக்கே கிடைக்கும். அதைப் படுக்கைக்கு அருகில் போடுங்கள். பின்னால் வசதிப்படும்போது மேற்கத்திய கமோடும் சுவரில் ஸ்டீல் கைப்பிடியும் வைத்துவிடுங்கள், அது அப்பாவுக்கும் தேவைப்படப் போகிறது. இதில் நான் அடிக்கடி காண்பது ஒன்று உண்டு. மகளையோ கணவரையோ வாளி தூக்க வைக்கக் கூச்சப்பட்டு, வயதான பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். அதனால் சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், தலைச்சுற்றல், ரத்தம் கட்டும் வாய்ப்பு, எல்லாம் கூடும். அம்மாவே வாய்விட்டுச் சொல்ல மாட்டார். வாளி தூக்க வெளியாள் ஒருவரைக் காலையும் மாலையும் அமர்த்த முடிந்தால், எனக்குத் தெரிந்து நர்ஸ் வைப்பதைவிட அதுவே பெரிய உதவி.

கட்டில் உயரமாக, மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே இருப்பதுதான் சரியான உயரம். தாழ்ந்த கட்டிலின் கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுக்கலாம், ஆடாமல் இருந்தால். நாடாக் கட்டில் வேண்டாம், அது குழியும். கால் மிதியடிகள் எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துவிடுங்கள். வாக்கர் எல்லா வாசலிலும் நுழைகிறதா என்று அளந்து பாருங்கள். ஓட்டு வீடுகளில் நிலைப்படி உயரம், வாக்கர் அதில்தான் தட்டும். முதல் சில நாட்கள் நிலைப்படி தாண்டாமல் ஒரே அறையில் படுக்கை, நாற்காலி, கமோடு மூன்றையும் அமைத்துக்கொள்ளுங்கள். வாக்கரின் பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மட்டத்தில் இருக்க வேண்டும். புடவை கணுக்காலுக்கு மேல். நைட்டி என்றால் தரையில் புரளாதது. செருப்புக்குப் பின்வார் வேண்டும்.

நடையில் வரிசை இது: முதலில் வாக்கர், பிறகு வலது கால், பிறகு இடது கால். குதிகால் முதலில் ஊன்றட்டும், விரல் நுனியில் நடந்தால் கால் நேராகாது. வாசற்படியில் ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முன்னே. கைத்தடிக்கு மாறும்போது தடி இடது கையில் இருக்க வேண்டும், வலது கையில் அல்ல. பெரும்பாலானவர்கள் இதை மாற்றித்தான் பிடிக்கிறார்கள். எவ்வளவு நடக்கலாம் என்பதற்கு மறுநாள் காலைதான் அளவுகோல். எழுந்ததும் வீக்கமும் வலியும் முந்தைய நாளைவிடக் கூடியிருந்தால் நேற்று நடந்தது அதிகம், இன்று குறையுங்கள். உற்சாகத்தில் மூன்றாம் வாரம் தெருக்கோடி வரை நடந்துவிட்டு நான்கு நாள் படுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஒரே மூச்சில் நடப்பதைவிட மணிக்கொரு தடவை ஐந்து நிமிடம் நல்லது.

சாப்பாட்டில் பத்தியம் எதுவும் இல்லை. காயம் ஆறப் புரதம் வேண்டும். ரசம் சாதமும் பிஸ்கட்டும் கொடுத்தே நாளை ஓட்டினால் தசை கரையும், சர்க்கரையும் ஏறும். முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், தயிர் எது பழக்கமோ அது வேளாவேளைக்கு இருக்கட்டும். மீனும் முட்டையும் சீழ் கட்டும் என்பது உண்மையல்ல. ஆட்டுக்கால் சூப் குடிக்கட்டும், ஆனால் அதில் புரதம் குறைவு, சாப்பாட்டுக்கு ஈடாகாது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருந்தால் காபி, டீயோடு சேர்க்காதீர்கள், உடம்பில் ஒட்டாது. வலியும் அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியும் சர்க்கரையை ஏற்றும், அதனால் வீட்டில் குளுக்கோமீட்டரில் தினமும் பாருங்கள். தொடர்ந்து 200-ஐத் தாண்டினால் சர்க்கரை டாக்டரிடம் மருந்தை மாற்றிக் கேளுங்கள். காயம் ஆறுவது இதைப் பெரிதும் சார்ந்தது.

தையலோ கிளிப்போ பொதுவாக 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். அதுவரை உடம்பைத் துடைத்துவிடுவது போதும். நனையாத டிரெஸ்ஸிங் போட்டிருந்தால் டாக்டர் அனுமதியோடு நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போக வர ஆட்டோ வேண்டாம், கார் எடுங்கள். முன் சீட்டை முழுவதும் பின்னால் தள்ளி, முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் ஒன்றாக உள்ளே திருப்ப வேண்டும்.

அம்மா கோயிலுக்குப் போகிறவராக இருப்பார் என்று நினைக்கிறேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிராகாரம் சுற்றுவது சில மாதங்களில் தாராளமாக முடியும், முன்பைவிட வலி இல்லாமல். தரையில் சம்மணமிட்டு உட்காருவதும், குத்துக்கால் வைப்பதும், விழுந்து கும்பிடுவதும் பெரும்பாலான டாக்டர்கள் இனி வேண்டாம் என்பார்கள். ஆழமாக மடக்கி எடையை ஏற்றினால் உள்ளே வைத்த பிளாஸ்டிக் தேயும் வேகம் கூடும் என்பதும், தரையிலிருந்து எழும்போது விழும் ஆபத்தும் காரணம். இதை அம்மாவிடம் இப்போதே சொல்லி, பூஜை அறையில் ஒரு நாற்காலி போட்டுவிடுங்கள். அரிவாள்மனையும் தரையில் உட்கார்ந்து ஆயும் கீரையும் மேஜைக்கு வரட்டும். பல் பிடுங்குவது போன்ற அவசரமில்லாத வேலைகளைச் சில மாதம் தள்ளிப்போடுங்கள். பல் டாக்டரிடம் போகும்போதெல்லாம் செயற்கை மூட்டு இருப்பதைச் சொல்ல வேண்டும்.

லீவு விஷயம். உங்களிடம் மூன்று வாரம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதை ஒரேயடியாக எடுக்காதீர்கள். வீடு வந்த நாளிலிருந்து தையல் பிரிக்கும் வரை, ஏறக்குறைய பத்து நாள், நீங்கள் கூட இருப்பது முக்கியம். மாத்திரை, காயம், கமோடு, முதல் நடை எல்லாம் அந்த நாட்களில்தான். பிறகு வேலைக்குத் திரும்பி, சனி ஞாயிறு வந்து போங்கள். நான்காம் வாரத்தில் திரும்பவும் சில நாள் எடுங்கள். உறவுக்காரர்கள் வந்து பார்ப்பது ஓய்ந்து, பயிற்சி சலித்து, அப்பாவும் களைத்திருக்கும் வாரம் அது. மீதியை ஆறாம் வார செக்கப்புக்கு வையுங்கள், டாக்டர் சொல்வதை நேரில் கேட்க. நடுவில் தினமும் ஒருமுறை வீடியோ காலில் அம்மாவைப் படுத்துக் காலை நீட்டச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து அப்பாவைப் போனைக் காட்டச் சொல்லுங்கள். முழங்காலின் பின்பக்கத்துக்கும் மெத்தைக்கும் இடையே கைவிரல் நுழையும் இடைவெளி இருந்தால், மறுநாளே பிசியோதெரபிஸ்டிடம் சொல்லிவிடுங்கள்.